ஸ்டீரியோவில் ஹம்மிங்: 45,000 ரூபாய்ப் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் சொந்த வீடு. கட்டி இருபது வருஷம் ஆகிறது. ஹாலில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வைத்திருக்கிறேன். சமீபத்தில் டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) வாங்கி ஆம்ப் மேலேயே வைத்தேன். டிவியின் ஆடியோவும் இதே ஆம்ப்புக்குத்தான் வருகிறது. டிவிக்கு டிடிஎச் இணைப்பு. எப்போதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம். ரெக்கார்டு போட்டால் இன்னும் அதிகம். ஃபேன் போட்டால் ‘ஜ்ர்ர்ர்’ என்று வேறொரு சத்தம். ஃபிரிட்ஜ் நிற்கும்போது ‘டப்’. கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடினால் ஆம்ப் பெட்டியே உறுமுகிறது. எலக்ட்ரீஷியன் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டார். ஹம் பாதியாகக் குறைந்தது, ஆனால் வெறுங்காலோடு ஆம்ப்பைத் தொட்டால் சுர்ரென்கிறது. 45,000 ரூபாய்க்கு பவர் கண்டிஷனர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கடைக்காரர் சொல்லும் பெட்டி, கரன்ட் லைன் வழியாக வரும் இரைச்சலை மட்டும்தான் தடுக்கும். நீங்கள் எழுதியவற்றில் ஃபேன் சத்தமும் ஃபிரிட்ஜ் ‘டப்’பும்தான் அந்த வழியில் வருபவை. இரண்டையும் சில நூறு ரூபாய் செலவில், கிளம்பும் இடத்திலேயே நிறுத்திவிடலாம். உங்களைப் படுத்தும் அந்த ‘ம்ம்ம்’ ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) வழியாகவும், ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தாலும் வருகிறது என்றுதான் நீங்கள் சொல்லும் அடையாளங்களிலிருந்து தெரிகிறது. லைனில் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் அது குறையாது.

முதல் வேலை, கழற்றிய எர்த் பின்னை இன்றே திரும்ப மாட்டுவது. மாட்டும் வரை, கீழே சொல்லும் அளவை எலக்ட்ரீஷியன் எடுக்கும் நேரம் தவிர, ஆம்ப் பிளக்கை சாக்கெட்டிலிருந்து உருவியே வைத்திருங்கள். பின்னைக் கழற்றியதும் ஹம் குறைந்ததில் ஆச்சரியம் இல்லை. எர்த் ஒரு வளையமாகச் சுற்றி வந்திருக்கிறது, எலக்ட்ரீஷியன் அதை ஓரிடத்தில் அறுத்துவிட்டார். ஆனால் அறுக்கக் கூடாத இடத்தில் அறுத்துவிட்டார். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் ஒருநாள் விட்டுப்போனால் ஆம்ப்பின் பெட்டி 230 வோல்ட்டில் நிற்கும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது ஆர்சிசிபி (கசிவு வந்தால் கரன்ட்டை அறுக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை எதுவும் நடக்காது. ஆர்சிஏ கேபிளின் (கருவிகளை ஆம்ப்போடு இணைக்கும் ஆடியோ கேபிள்) வெளி உலோகம், டர்ன்டேபிளின் கை, டிவியின் பின்பக்க சாக்கெட்டுகள் எல்லாம் அந்தப் பெட்டியோடு சேர்ந்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த ‘சுர்’ எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். டிவி, செட்டாப் பாக்ஸ், டர்ன்டேபிள் ஆகியவற்றின் அடாப்டர்களுக்குள் மின்சாரப் பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.16 மில்லிஆம்பியர் கசியும். இரண்டு மூன்று சேர்ந்தால் விரலில் உறைக்கும். எர்த் இருந்தால் இந்தக் கசிவு சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். அது இல்லாததால் உங்கள் கால் வழியாகப் போகிறது. பெரும்பாலும் இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆம்ப் பழையது என்பதால் இதை ஊகத்தில் விடக் கூடாது. பின்னை மாட்டுவதற்கு முன், ஆம்ப் பெட்டிக்கும் சாக்கெட்டின் எர்த்துக்கும் இடையே எத்தனை ஏசி வோல்ட் என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். 90, 110 என்று காட்டலாம், பயப்பட வேண்டாம். மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 47 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு மறுபடி அளக்க வேண்டும். 20, 30 வோல்ட்டுக்கு விழுந்தால் வெறும் கசிவு. ரெசிஸ்டர் போட்டும் 150-க்கு மேலே நின்றால் இன்சுலேஷன் போய்விட்டது. அப்படியானால் ஆம்ப்பை சர்வீஸ் பார்க்காமல் சாக்கெட்டில் செருகவே கூடாது.

பின்னை மாட்டினால் போதாது, அது தொடும் எர்த் நிஜமாக இருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். இருபது வருஷ வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும். மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். ஃபேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி இருக்கும். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரல்–எர்த் 1 முதல் 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 40, 60, 100 என்று அலைந்தால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

நியூட்ரல்–எர்த் சுத்தமாக 0 காட்டினால் சந்தோஷப்படாமல் இன்னொரு சோதனை செய்யுங்கள். அதே லைனில் ஒரு அயர்ன்பாக்ஸைப் போட்டு மறுபடி பாருங்கள். நியூட்ரல் ஒயரில் கரன்ட் ஓடும்போது அதில் கொஞ்சம் வோல்ட்டேஜ் விழுந்தே ஆக வேண்டும், அளவு சற்றாவது ஏற வேண்டும். அசையாமல் 0-விலேயே நின்றால், எர்த் ஒயர் இல்லாத குறையை மறைக்க யாரோ சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது மிகவும் ஆபத்து. நியூட்ரல் ஒருநாள் கழன்றால் வீட்டின் உலோகப் பெட்டிகளில் எல்லாம் ஃபேஸ் நிற்கும். உங்கள் ஸ்டீரியோவுக்கும் கெடுதல்தான், வீட்டு லோடு முழுவதும் ஆடும்போது அந்த ஆட்டம் ஆம்ப்பின் எர்த்திலும் ஏறும்.

100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் போட்டு ‘நல்லா எரியுது சார், எர்த் சூப்பர்’ என்பார்கள். 100 வாட் பல்பு இழுப்பது 0.43 ஆம்பியர்தான். எர்த் குழியின் தடை 50 ஓமாக இருந்தாலும் விழுவது 22 வோல்ட். பல்பு லேசாக மங்கும், கண்ணுக்குத் தெரியாது. பல்பு எரியும்போது ஃபேஸ்–எர்த் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டரில் பார்த்து 0.43-ஆல் வகுத்தால் உண்மை தெரியும். 2 வோல்ட் இறங்கினால் சுமார் 5 ஓம், அதற்குள் இருந்தால் வீட்டுக்குப் போதும். ஆனால் இந்தப் பல்பு சோதனைக்கு முன், வீட்டில் எர்த் பின் உள்ள எல்லாப் பிளக்கையும் உருவிவிட வேண்டும். எர்த் ஒயர் வழியில் அறுந்திருந்தால், பல்பு வழியாக வரும் ஃபேஸ் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி என்று எல்லாவற்றின் உடம்பிலும் ஏறிவிடும். ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் பல்பைப் போட்டதும் அது விழுந்துவிடும். எர்த் மண்ணைத் தொடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி, எத்தனை ஓம் என்பதைத்தான் அப்போது எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும்.

மதுரை வெயிலில் எர்த் குழி காய்ந்துபோவது சகஜம். தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள், பைப்பில் ஒயரைப் பிடிக்கும் போல்ட் துருப்பிடித்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். பாதி வீடுகளில் குறை அந்த போல்ட்டில்தான் இருக்கும்.

இனி ஹம். சோதனைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். வால்யூம் நாப்பின் வழக்கமான இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, எல்லாச் சோதனையையும் அந்த அளவிலேயே செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஆர்சிஏ கேபிளைச் செருகும்போதும் எடுக்கும்போதும் ஆம்ப்பை ஆஃப் செய்துவிடுங்கள். ஆர்சிஏவில் நடு முனை முதலில் தொடும், எர்த் பிறகுதான். ஆனில் வைத்துச் செருகினால் ‘டொம்’ என்ற ஒரு சத்தத்தில் ஸ்பீக்கர் போய்விடலாம்.

ஆம்ப்பின் பின்னால் ஸ்பீக்கர் ஒயர் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வால்யூமை 0-வில் வைத்து, ஸ்பீக்கரிலிருந்து ஒரு அடி தள்ளிக் காதை வைத்துக் கேளுங்கள். இப்போதும் ஹம் இருந்து, வால்யூமைத் திருப்பினாலும் கூடாமல் குறையாமல் இருந்தால் குறை ஆம்ப்புக்குள்ளேயே இருக்கிறது. பவர் சப்ளையில் இருக்கும் இரண்டு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகி உலர்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஏசி ரெக்டிஃபையரைத் தாண்டியதும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கமாகிறது. அதை நிரவுவதுதான் இவற்றின் வேலை. இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். வோல்ட் அளவு பழையதற்குக் குறையக் கூடாது, 105 டிகிரி என்று அச்சிட்டதாக இருக்கட்டும். ஆஃப் செய்த பிறகும் அவற்றில் சார்ஜ் நிற்கும் என்பதால் இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். இந்த இடத்திலேயே ஹம் இருந்தால் கீழே சொல்லும் சோதனைகளை இது சரியான பிறகு செய்தால்தான் பலன்.

அமைதியாக இருந்தால், சார்ஜரில் போடாத மொபைலை ஆக்ஸ் இன்புட்டில் செருகி, பாட்டு போடாமல் டேப் ஒட்டிய அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். பேட்டரியில் ஓடும் மொபைலுக்கு எர்த்தும் இல்லை, லைனும் இல்லை. இதில் சத்தமில்லை என்றால் ஆம்ப் குற்றமற்றது. அப்படியே மொபைலைச் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். மட்டமான சார்ஜர் என்றால் ‘கீய்ய்’ என்று கேட்கும். அடாப்டர் கசிவு காதுக்கு எப்படி இருக்கும் என்பதை இங்கேயே பழகிக்கொள்ளலாம்.

அடுத்து டிவி ஆடியோ கேபிளைச் செருகுங்கள். ‘ம்ம்ம்’ திரும்பி வரும் என்று நினைக்கிறேன். இப்போது செட்டாப் பாக்ஸை ஆஃப் செய்துவிட்டு, அதன் பின்னால் திருகியிருக்கும் டிஷ் கேபிளைக் கழற்றுங்கள். ஹம் நின்றுவிட்டால் வளையம் பிடிபட்டது. மொட்டைமாடி டிஷ்ஷின் சட்டம் கைப்பிடிச் சுவரிலோ இரும்பு கிரில்லிலோ போல்ட் போட்டு நிற்கிறது. கேபிளின் வெளிப்பின்னல் அந்தச் சட்டத்தோடு சேர்ந்தது. ஆக, அது மாடியில் ஓர் எர்த். ஆம்ப் பிளக் வழியாக இன்னோர் எர்த். இரண்டும் ஒரே வோல்ட்டேஜில் ஒருநாளும் இருக்காது. வித்தியாசம் உங்கள் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக ஓடிச் சமன் செய்துகொள்ளும். ஷீல்டும் முனைகளும் சேர்ந்து 0.1 ஓம், ஓடுவது 10 மில்லிஆம்பியர் என்று வையுங்கள், 1 மில்லிவோல்ட் விழுகிறது. பாட்டு சிக்னலே 300 மில்லிவோல்ட் அளவுதான். அதில் 1 மில்லிவோல்ட் ஹம் அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும். மழை நாளில் சுவர் ஈரமானதும் ஹம் கூடினால் இதுதான் காரணம் என்று அடித்தே சொல்லலாம்.

இதற்கு நல்ல தீர்வு ஆப்டிகல் கேபிள். டிவியின் பின்னால் சின்னக் கதவு போட்ட ஆப்டிகல் அவுட் இருக்கும். அதிலிருந்து ஒரு சிறிய டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டர், கன்வெர்ட்டரிலிருந்து ஆர்சிஏ கேபிளில் ஆம்ப்புக்கு. வெளிச்சம் போகும் கேபிளில் எர்த் போகாது, வளையம் அறுந்துவிடும். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம் என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சத்தமே வராது அல்லது வெறும் இரைச்சல் வரும். இந்தக் கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் வேண்டும் என்பதால் பலர் கைக்கெட்டும் டிவி யுஎஸ்பியிலேயே அதைச் செருகிவிடுவார்கள். அந்த யுஎஸ்பி ஒயரின் எர்த் வழியாக, அறுத்த வளையம் மறுபடி சேர்ந்துவிடும். ‘ஆப்டிகல் போட்டும் ஹம் போகவில்லை’ என்பவர்களில் பலர் செய்தது இதைத்தான். தனியாக ஒரு தரமான மொபைல் சார்ஜரிலிருந்து கொடுங்கள்.

டிவியில் ஆப்டிகல் இல்லாவிட்டால், ஆர்சிஏ லைனுக்கு நடுவில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று கேட்டால் கிடைக்கும். மலிவானவற்றில் பேஸ் கொஞ்சம் தேயும். டிவி சத்தத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை. டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள்.

டர்ன்டேபிளுக்கு வருவோம். ஊசியைத் தாங்கும் எம்எம் (மூவிங் மேக்னட்) வகை கார்ட்ரிட்ஜ் கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட். ஆம்ப்பில் டர்ன்டேபிளுக்கென்று இருக்கும் ஃபோனோ பகுதி அதை 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்குகிறது. இது 1 கிலோஹெர்ட்ஸில் உள்ள கணக்கு. ரெக்கார்டில் பேஸைக் குறைத்துப் பதிவதால், திரும்ப ஈடுகட்ட ஆர்ஐஏஏ வளைவு என்ற தரநிலை 50 ஹெர்ட்ஸில் மேலும் 17 டெசிபெல் ஏற்றுகிறது. மொத்தம் சுமார் 700 மடங்கு. நம் கரன்ட்டின் அலைவரிசை சரியாக அந்த 50-லேயே உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸில் காதுக்கே எட்டாத ஹம் ஃபோனோவில் அலறுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கம்தான், கரன்ட் ‘அழுக்காக’ இருப்பது அல்ல.

இந்த நிலையில் அதை ஆம்ப் தலைமேல் வைத்திருக்கிறீர்கள். ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் மேலே கார்ட்ரிட்ஜின் காயில்! ரெக்கார்டு சுற்றாமல் நிற்கட்டும், ஃபோனோவில் வைத்து வால்யூமை டேப் அளவுக்கு ஏற்றிவிட்டு, ஊசிக்கு மூடி போட்டு, டர்ன்டேபிளின் கையைத் தூக்கித் தட்டின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் ஹம் கூடி இன்னோரிடத்தில் குறைந்தால் காந்தப் புலம்தான். கேபிளோ ஃபில்டரோ இதற்கு மருந்தில்லை, தூரம்தான் மருந்து. அந்தப் புலம் தூரத்தின் மும்மடிக்குத் தேய்கிறது. தூரம் இருமடங்கானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். டர்ன்டேபிளைப் பக்கத்து ஷெல்ஃபுக்கு, குறைந்தது 50 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஸ்பைக் பஸ்டர், அடாப்டர், இன்வெர்ட்டர் எதுவும் அதன் அடியில் இருக்க வேண்டாம். ஃபோனோ கேபிளும் கரன்ட் ஒயரும் சேர்ந்து ஓடக் கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் தாண்டட்டும்.

டர்ன்டேபிளிலிருந்து ஆர்சிஏயோடு ஒரு மெல்லிய தனி ஒயர் வந்தால், அதை ஆம்ப்பின் பின்னால் ‘ஜிஎன்டி’ என்று குறித்த திருகில் பிடிக்க வேண்டும். வெறும் திருகைச் சுற்றிவிடாமல் இறுக்குங்கள். பல புது டர்ன்டேபிள்களில் ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும், அவற்றில் இந்த ஒயர் இல்லாமலும் போகலாம். அப்படிப்பட்டதானால் பின்னால் ஃபோனோ/லைன் சுவிட்சைப் பாருங்கள். சுவிட்ச் லைனில் இருந்து, கேபிள் ஆம்ப்பின் ஃபோனோவில் செருகியிருந்தால் இரண்டு தடவை பெருக்கி ஹம்மும் உருச்சிதைவும் சேர்ந்து வரும். லைன் என்றால் ஆக்ஸில் செருகுங்கள். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஹம் என்றால் ஆர்சிஏவை இடம் வலம் மாற்றிப் பாருங்கள். ஹம்மும் பக்கம் மாறினால் குறை டர்ன்டேபிள் பக்கம். கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லுக்குள், கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நான்கு சின்ன ஒயர்களில் பச்சையோ நீலமோ கழன்றிருக்கும். அவைதான் வலது, இடதுக்கான திரும்பும் வழிகள்.

ஃபேன் சத்தம் இதிலெல்லாம் சேராது. அது நிஜமாகவே லைனில் வருகிறது, கண்டுபிடிப்பதும் சுலபம். உங்கள் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். டக், டக் என்று நான்கைந்து இடத்தில் நிற்காமல் வழுவழுவென்று சுற்றினால் அது டிரையாக் ரெகுலேட்டர். ஒவ்வொரு அரைச்சுற்று அலையிலும் கொஞ்ச நேரம் கரன்ட்டை நிறுத்திவைத்துச் சட்டென்று திறக்கும், நொடிக்கு 100 தடவை. அந்தச் சட்டென்ற திறப்பின் கூர்முனையில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் அலைவரிசைகள் இருக்கும். ஃபேன் ஒயரே ஆன்டெனாவாக வேலை செய்யும். நடு வேகத்தில் சத்தம் அதிகமாகவும், முழு வேகத்தில் மிகக் குறைவாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நடு வேகத்தில்தான் அலை உச்சியில் நிற்கும்போது டிரையாக் திறக்கிறது.

அதைக் கழற்றிவிட்டு ஸ்டெப் டைப் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் போடுங்கள். அதே சுவிட்ச் பாக்ஸ் துளையில் உட்காரும் மாடுலர் வகை கிடைக்கிறது. கெப்பாசிட்டர் எதையும் வெட்டித் திறப்பதில்லை, அதனால் ‘ஜ்ர்ர்’ அடியோடு போகும். நடு வேகத்தில் ஃபேனே முனகிக்கொண்டிருந்தால் அதுவும் நிற்கும். ஹாலில் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்த வேண்டாம். ஒரே ஃபேஸில் இருக்கும் பெட்ரூம் ரெகுலேட்டரும் ஹாலுக்குள் கேட்கும். பிஎல்டிசி ஃபேன் போடுவதாக இருந்தால் ரெகுலேட்டரே கூடாது, நேரடி இணைப்புதான். டிரையாக் வழியாகக் கொடுத்தால் அதன் உள் சர்க்யூட் சீக்கிரம் போய்விடும்.

வீட்டில் இன்னும் யார் யார் சத்தம் போடுகிறார்கள் என்று பார்க்க, பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று இருந்தால் போதும். மீடியம் வேவில் கீழ்க்கோடி, 530 முதல் 600 கிலோஹெர்ட்ஸுக்குள், எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் வையுங்கள். மெயின் பலகையில் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, ரேடியோவின் சாதாரண ‘ஷ்ஷ்’ எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு எம்சிபியாகப் போடுங்கள். எதைப் போட்டதும் ‘ஜ்ர்ர்’ ஏறுகிறதோ அந்த லைனில் நடந்து, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே போனால் ஆளைப் பிடித்துவிடலாம். மட்டமான எல்இடி பல்பு, பெயர் தெரியாத சார்ஜர், அக்வேரியம் அடாப்டர் எல்லாம் மாட்டும். இன்வெர்ட்டர் இருப்பதால் எம்சிபியை இறக்கினாலும் அதன் லைன் உயிரோடு இருக்கும். சோதனையின்போது இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை, ரேடியோ காட்டிக்கொடுக்கும் எல்லாமே ஸ்டீரியோவில் கேட்காது. ஆம்ப்பில் கேட்பவற்றை மட்டும் துரத்துங்கள். இல்லாவிட்டால் நல்ல பல்புகளையெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபிரிட்ஜ் ‘டப்’ என்பது கம்ப்ரஸர் மோட்டாரின் காயில் கரன்ட் திடீரென்று அறும்போது எழும் துள்ளல். 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட கெப்பாசிட்டரோடு 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, ஃபிரிட்ஜ் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மூடிய பெட்டியில் போட்டால் பெருமளவு அடங்கும். சாதாரண 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டரை இங்கே போடக் கூடாது. அது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம், எக்ஸ்2 வகை அப்படி ஆகாத மாதிரி செய்யப்பட்டது. இதே ஜோடியைச் சிலர் சுவிட்சின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே போடுவார்கள். அதன் வழியே எப்போதும் 7 மில்லிஆம்பியர் கசியும், அந்த சுவிட்சில் எல்இடி பல்பு இருந்தால் அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மினுக்கும். ஒரு நாளைக்குப் பத்து ‘டப்’ உங்களை உறுத்தாவிட்டால் இதை விட்டுவிடலாம். அதனால் ஆம்ப்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை.

இன்வெர்ட்டரில் ஆம்ப் உறுமுகிறது என்றால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் வகை. சதுர அலையில் 50-ஓடு 150, 250, 350 ஹெர்ட்ஸும் கலந்திருப்பதால் டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிரும். ஆம்ப் சாக்கெட்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்து நேர் லைனில் போடச் சொல்லுங்கள், கரன்ட் போனால் பாட்டும் போகட்டும். இன்வெர்ட்டரை மாற்றும் காலம் வரும்போது சைன் வேவ் வாங்கிக்கொள்ளலாம். கரன்ட் இருக்கும்போதே ராத்திரி மட்டும் பெட்டி (ஸ்பீக்கர் அல்ல, பெட்டி) உறுமினால் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 250-ஐத் தாண்டும் நேரங்களில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நிறைவுநிலையை நெருங்கிச் சத்தம் போடும். அடிக்கடி 253-க்கு மேல் போனால் மட்டும் ஸ்டெபிலைசர் யோசிக்கலாம். ரிலே வகை என்றால் வோல்ட்டேஜ் படி மாறும்போதெல்லாம் அதுவே ஒரு ‘டப்’ போடும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், மெயின் பலகையில் ஸ்டீரியோ லைன் மட்டும் ஆனில் இருக்கும்போது ‘ஜ்ர்ர்’ வந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. அப்போதும் கண்டிஷனருக்கு முன்னால் 500 விஏ, 230:230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பாருங்கள். உங்கள் ஆம்ப்புக்குத் தாராளமாகப் போதும், விலையும் கடைக்காரர் சொன்னதில் சிறு பங்குதான் வரும். எர்த் பின் அதிலும் தொடர்ந்து இருக்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் அந்த ரேடியோவை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். சத்தம் உங்கள் வீட்டு கம்பத்தருகே ஏறி, காற்றடிக்கும்போது வெடித்து வெடித்துக் கேட்டால் சர்வீஸ் ஒயரின் இணைப்பு லூஸ். அதில் பொறி பறக்கிறது, நாளைக்கு நியூட்ரலே கழன்றுவிடலாம். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, புகார் கொடுங்கள். ‘ஸ்டீரியோவில் சத்தம்’ என்று சொல்லாதீர்கள், ‘கம்பத்தில் ஸ்பார்க்’ என்று சொல்லுங்கள்.